தாய்மாமன் போட்ட கோட்டு

பெரியகுளத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் ஈஸ்வரபாண்டியால் இரண்டு வருடமாகத் தன் கோட்டைக் கழற்ற முடியவில்லை. முன்பக்கம் இடுப்போடு நின்றுபோய், பின்பக்கம் முழங்கால் வரை இரட்டை வாலாகத் தொங்கும் கருநீலக் கோட்டு. கழுத்தில் தாடை வரை சுற்றிய வெள்ளைத் துணி, காலைக் கவ்விப் பிடித்த கால்சட்டை, தகர டின்னைக் கவிழ்த்தது போல ஒரு தொப்பி. அதோடுதான் குளிக்கிறார், அதோடுதான் ஏலம் விடுகிறார். மாம்பால் பட்டால் எந்தத் துணியிலும் கறை நிற்கும், அதில் நிற்பதில்லை. அவரைப் பார்த்து யாரும் பரிதாபப்படுவதும் இல்லை. ஒரு வார்த்தை கேட்டால் கழன்றுவிடும், அதை அவர் கேட்கமாட்டார் என்பது மண்டியில் கூடை தூக்குகிறவர்கள் வரை தெரியும்.

கெங்குவார்பட்டியில் கட்டிக்கொடுத்த தங்கை சொர்ணலதாவின் மகள் ஹேமாவதி எட்டாம் வகுப்பில் வயதுக்கு வந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. “ஊரக் கூட்டாதீகம்மா. பள்ளிக்கூடத்துல பயக கேலி பண்ணியே கொன்னுருவானுக.” எல்லா வீட்லயும் செய்றதுதான ஆத்தா, என்றாள் சொர்ணலதா. அப்பன் முத்துராஜா, மாமா கோவிச்சுக்கிருவாரு என்று சொல்லிவிட்டு செல்போனைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். மாமா கோபித்தால் வீடு இடியும். மகள் அழுதால் தலையணைதானே நனையும்.

ஈஸ்வரபாண்டி தேனியிலிருந்து பிரின்ஸ் என்ற விழா அலங்காரக்காரரைக் காரில் கூட்டிவந்தார். செல்போனில் ஏதோ இங்கிலீஷ் தொடர் பார்த்து மாமன் மயங்கியிருந்தார். இருநூறு வருசத்துக்கு முந்தி இங்கிலாந்துல பெரிய வீட்டு ஆளுக போட்ட துணி சார், இந்த ஜில்லாவுல யாருமே செய்யல என்றார் பிரின்ஸ். பெண்களுக்கு இடுப்பை நெஞ்சுக்குக் கீழேயே வைத்துத் தைத்த மெல்லிய வெள்ளை மஸ்லின் கவுன், முழங்கை வரை கையுறை. ஆண்களுக்கு வால்கோட்டு. சின்னப் பையன்களுக்குச் சட்டையையும் கால்சட்டையையும் இடுப்பைச் சுற்றிப் பொத்தானால் ஒன்றாக மாட்டிய உடுப்பு. “பாப்பா அளவு?” என்று பிரின்ஸ் கேட்டதற்கு, பாப்பா எதிரிலேயே நிற்க, வீட்டில் இருந்த எல்லோரும் பதில் சொன்னார்கள்.

பிளெக்ஸ் பேனரை ஹேமாவதி படிக்கும் தேவதானப்பட்டிப் பள்ளிக்கூடத்து வாசலுக்கு நேர் எதிரேதான் கட்டச் சொன்னார் ஈஸ்வரபாண்டி. பஸ்ஸில் போகிறவர்களும் பார்க்க வேண்டுமாம். கம்ப்யூட்டரில் வெள்ளைக்கார உடம்புகளுக்கு இவர்கள் தலைகளை ஒட்டியிருந்தார்கள். நடுவில் ஹேமாவதி, ஆள் உயரத்துக்கு. மேலே விழாவின் பெயர், அவள் பெயர், வகுப்பு, பிரிவு வரைக்கும். அன்றிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

விழாவன்று மண்டப மேடையில் அந்த உடுப்புகளோடு குடும்பம் வரிசையாக நின்றது. ஹேமாவதி கவுனுக்கு உள்ளே பள்ளிச் சீருடையைப் போட்டிருந்தாள். மெல்லிய துணியில் நீலம் தெரிகிறதென்று சொர்ணலதா கிள்ளினாள். மாமன் மாலையைத் தூக்கியபோது அந்தப் பிள்ளை மைக்கைப் பிடுங்கி, “என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?” என்றது. ஈஸ்வரபாண்டி சிரித்தார். “தாய்மாமன்டி நானு. ஒன்னையக் கேக்கணுமாக்கும்?” மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஹேமாவதியின் கவுன் தானாக அவிழ்ந்து காலடியில் விழுந்தது. அவள் அதைத் தாண்டி, சீருடையோடு இறங்கிப் பந்தியில் போய் உட்கார்ந்தாள். மற்றவர்கள் உடுப்பில் பொத்தான்களும் நாடாக்களும் இறுகிக்கொண்டன.

பிரின்ஸின் கத்திரிக்கோல் மழுங்கியது. பிளேடு வழுக்கியது. ஐந்து வயதுத் தம்பி கார்த்திக்ராஜுக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பொத்தான்களை யாராலும் கழற்ற முடியவில்லை. அழுதுகொண்டே அக்காவிடம் ஓடினான். “அக்கா, கழட்டிக்கிறட்டா?” அவள் “கழட்டிக்கடா தங்கம்” என்றதும் பொத்தான்கள் புளியங்கொட்டை போல உதிர்ந்தன. எல்லோரும் பார்த்தார்கள். பார்த்தும் பெரியவர்களுக்கு வாய் வரவில்லை, கௌரவம்! முத்துராஜா வால்கோட்டோடு ஆபீஸ் போய்ப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான். கழலவில்லை. மகள் முகத்தைப் பார்த்துக் கேட்ட பிறகுதான் கழன்றது.

சொர்ணலதா கையுறையோடே மாவு பிசைந்தாள். அந்தக் கவுனில் சாவி செருக இடுப்பும் இல்லை, பையும் இல்லை. ஒரு வாரம் கழித்து மகள் எதிரில் உட்கார்ந்தாள். “ஒன்னையக் கேக்காமச் செஞ்சுட்டேன் ஆத்தா. கழட்டிக்கிறட்டா?” “கழட்டிக்கம்மா. அந்த பிளெக்ஸ என்ன பண்ணுவ?”

சொர்ணலதா சேலையை வரிந்து கட்டினாள், அரிவாளை எடுத்தாள், பஸ் ஏறினாள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், அத்தனை பிள்ளைகளும் பார்க்க, ஏணி போட்டு ஏறி மகள் உருவத்தைப் பேரோடு அறுத்து எடுத்தாள். பிறகு மகனை, புருசனை, தன்னை. சேதி கேட்டு வந்த ஈஸ்வரபாண்டி, கழுத்துத் துணி தலையை நிமிர்த்தவிடாததால் உடம்போடு பின்னால் சாய்ந்து கத்தினார். “ஏ லதா, என் மானத்த அறுக்குறியேடி!”

“ஒம் மானம் அங்கனயேதாண்ணே தொங்குது. ஒன் தலையில நான் கைய வைக்கல.”

ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பார்த்தார்கள். “சின்னப்புள்ளதானய்யா, ஒரு வார்த்தை கேட்டுட்டா என்ன?” சின்னப்புள்ள என்பதால்தான் கேட்கமாட்டேன் என்றார் அவர். அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை. நாவிதர் தொப்பிக்கு வெளியே வரும் முடியை மட்டும் வெட்டுகிறார். சட்டையைக் கழற்றிவிட்டுப் போகவேண்டிய கோயில்களில் வாசலிலேயே கும்பிட்டுக்கொள்கிறார்.

அந்த பிளெக்ஸ் இன்னும் இருக்கிறது, எந்தக் காற்றுக்கும் கிழியவில்லை. நாலு ஓட்டைகள் வழியே மலை தெரிகிறது. பக்கத்தில் ஈஸ்வரபாண்டி மட்டும் தொப்பியோடு நிற்கிறார். பள்ளிக்கூட ஸ்டாப்புக்கு இப்போது அதுதான் பேர். “கோட்டு மாமால்லாம் எறங்கு!” என்று கண்டக்டர் விசில் கொடுக்கிறார். பத்தாம் வகுப்பு ஹேமாவதி புத்தகப் பையை மாட்டிக்கொண்டு, “ஆள் எறங்குதுண்ணே” என்று அங்கேதான் இறங்குகிறாள்.