ஆறு மணிக்கு மேல் விருந்தினர்

கட்டிலிலிருந்து இறங்கியபோது காலடியில் மெத்தென்று ஏதோ மிதிபட்டது. அவள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அறைத்தோழி நெட்டையின் அம்மாவின் கை. அந்த அம்மா கண்ணைத் திறக்காமலேயே கையை மடக்கிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, "பாத்து வாம்மா" என்றார். தன் அறையில் தானே ஓர் ஓரமாகச் சுவரை ஒட்டி நடந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பல் துலக்கப் போனாள்.

இரண்டாம் மாடிக்கு அவள்தான் பொறுப்பு. எல்லோரும் லீடர், லீடர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளுக்கு வேறொரு பெயர் இருப்பதே பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது. விடுதி விதிகளை மாணவிகளே கூடிப் பேசி, கை தூக்கி, முடிவெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் கல்லூரிக்கு ஒரு பெருமை. வார்டன் எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. போன வருடம் ஒருத்தியின் அக்கா இரண்டு நாள் என்று வந்து, ஒரு மாதம் தங்கி, வாளிக்காகத் தொடங்கிய சண்டை வார்டன் வரைக்கும் போனது. அதனால் இந்த வருடம் முதல் கூட்டத்திலேயே லீடர் எழுந்து, ஆறு மணிக்கு மேல் விருந்தினர் யாரும் மாடியில் இருக்கக் கூடாது என்று ஒரு விதியைக் கொண்டுவந்தாள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. எல்லாவற்றுக்கும் மேலே நெட்டையின் கை இருந்தது. அதைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்கள்.

அந்த நெட்டையின் அம்மாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒற்றைப் பையோடு வந்தார். ஆறு மணி ஆயிற்று. ஏழும் ஆயிற்று. "இன்னைக்கு மட்டும்தான். பஸ் போயிடுச்சு" என்றாள் நெட்டை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. பஸ் போகவில்லை என்பது லீடருக்குத் தெரியும். தெரியும் என்பது நெட்டைக்கும் தெரியும். அடுத்த நாள் இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் ஒரு வாரம் ஓடிவிட்டது.

அந்த அம்மா அழுது மூக்கைச் சிந்துகிறவராக இருந்திருந்தால் லீடருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அழவில்லை. விடியும் முன்பே எழுந்து வெந்நீரில் ஆற அமரக் குளித்தார். ஜன்னல் கம்பியில் லீடரின் துண்டைத் தள்ளிவிட்டுத் தன் புடவையைக் காயப்போட்டார். மேசையில் அவள் ஓர் ஒழுங்கில் பரப்பி வைத்திருந்த புத்தகங்களை உயரவாரியாக அடுக்கி வைத்து, "இப்பப் பாரு, எவ்வளவு இடம்" என்றார். நெட்டை மெஸ்ஸிலிருந்து தட்டில் மூடிக் கொண்டுவரும் சாப்பாட்டில் உப்பு இல்லை என்றார். மாடி முழுக்க விஷயம் தெரியும். பூனை கண்ணை மூடிக்கொண்ட மாதிரி எல்லோரும் நடந்துகொண்டார்கள். ஒரு முறை, நெட்டை வகுப்புக்குப் போயிருந்தபோது, லீடர் மெதுவாகக் கேட்டாள்.

"அங்கிள் அடிப்பாரா ஆன்ட்டி?"

"அடிச்சா சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்குமே" என்றார் அவர், புடவையை உதறியபடி. "அந்த மனுஷன் பேசமாட்டாரு. எத்தனை வருஷமா தெரியுமா? அடிக்கிறவனை விட்டு வந்தா ஐயோ பாவம்பாங்க. பேசாதவனை விட்டு வந்தா திமிருங்கறாங்க. இருக்கட்டும், திமிராவே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு லீடருக்கு இரண்டு மாதிரியும் இருந்தது. இந்தப் பெண்மணியை யாராலும் வெளியே அனுப்ப முடியாது என்று ஒரு நேரம் தோன்றும். சொந்த அறையில் உடை மாற்றக்கூடக் குளியலறைக்கு ஓட வேண்டியிருக்கிறதே என்று இன்னொரு நேரம் எரிச்சல் வரும். விதியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம், நினைப்பது விதியா, இல்லை ஜன்னல் கம்பியிலிருந்து ஒதுக்கப்பட்ட தன் துண்டா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை துணி துவைக்கும் இடத்தில் கண்ணாடி அவளைப் பிடித்தாள். கடைசி அறைக்காரி, தடித்த கண்ணாடி போட்டதால் வந்த பெயர். அதிர்ந்து பேசாதவள்.

"லீடர், எங்க அம்மா வந்தாங்களே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. மழை நாள். பயணக் களைப்பில் கால் வீங்கி வந்த ஒரு சின்ன உருவம். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று லீடர்தான் கீழே போய்ப் பணிவாகச் சொல்லி அனுப்பினாள். அப்படிச் சொன்னதில் அன்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அவங்க அன்னைக்குப் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சுல உக்காந்திருந்தாங்க, விடியற வரைக்கும். எனக்கே ஊருக்குப் போனப்பதான் தெரியும்" என்றாள் கண்ணாடி. "நெட்டையோட அம்மாவை அனுப்புங்கன்னு நான் சொல்லல. உங்க ரூம்னா ஒரு நியாயம், என் ரூம்னா ஒரு நியாயமான்னு மட்டும் கேக்கறேன்."

சட்டையைப் பிழிந்து வாளியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்ததும், மெஸ்ஸிலேயே கூட்டம் போட்டாள். முன்கூட்டியே நெட்டையிடம் சொல்லியிருந்தாள். நெட்டை தலைமுடியைப் பின்னிக்கொண்டே கேட்டுவிட்டு, "சரி, லீடர்" என்றாள். இருவரும் தனியாக இருக்கும்போது அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

துடைத்த மேசைகள் இன்னும் ஈரமாக இருந்தன. லீடர் எழுந்து, மாடியில் ஒரு விருந்தினர் இருப்பதையும், அது தன் அறையில்தான் என்பதையும், தெரிந்தே தான் பேசாமல் இருந்ததையும், முன்பு கண்ணாடியின் அம்மாவைத் திருப்பி அனுப்பியதையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. விதியை மாற்றலாம் என்றாள் ஒருத்தி. இன்றைக்கு அம்மாவுக்கு மாற்றினால் நாளைக்கு மாமாவுக்கும் மாற்றச் சொல்வார்கள் என்றாள் இன்னொருத்தி. சிலர் சிரித்தார்கள். நெட்டை எழுந்தாள்.

"அம்மா போகணும்னா நானும் போறேன்."

"நீ எங்கடி போற?" என்று வாசல் பக்கமிருந்து குரல் வந்தது. அந்த அம்மா எப்போது இறங்கி வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. புடவை மாற்றி, தலை வாரி, பையைத் தோளில் மாட்டியிருந்தார். "ஒருத்தி வீட்டை விட்டு வந்தா போதும். நீ படிக்க வந்தவ, படி. நான் கிளம்பறேன்மா, யாரும் மனசுல வெச்சுக்காதீங்க. வெந்நீர் எல்லாம் நான்தான் தீத்தேன்."

கண்ணாடிதான் கேட்டாள். "எங்க போவீங்க?"

அவர் வாயைத் திறந்தார். எல்லாவற்றுக்கும் கைவசம் ஒரு பதில் வைத்திருந்தவர், அப்போது பையின் வாரைச் சரிசெய்துகொண்டு, "அதான் தெரியல" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நேரம் கேட்டவர்களுக்குச் சொல்வதைப் போல. அந்த ஒரு வாரத்தில் அவரிடம் அதை யாருமே கேட்கவில்லை என்பது லீடருக்கு அப்போதுதான் உறைத்தது.

திங்கட்கிழமை வரைக்கும் இருக்கலாம் என்று கைகள் உயர்ந்தன. கண்ணாடியின் கை உயரவில்லை. லீடர் வார்டனுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் நீண்ட பெருமூச்சு. பிறகு, "திங்கள்னா திங்கள்தான்" என்று பதில் வந்தது.

ஞாயிறு காலை அறைக் கதவு தட்டப்பட்டது. கண்ணாடி செருப்பு போட்டுத் தயாராக நின்றாள்.

"சைக்கிள் கடை மாடியில ஒரு ரூம் இருக்கு. பொம்பளைங்க தனியா இருந்தாலும் குடுப்பாங்களாம். எங்க அம்மா அடுத்த தடவை வந்தா தங்கறதுக்குன்னு விசாரிச்சு வெச்சேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். "வர்றீங்களா?"

நால்வரும் நடந்தார்கள். சாலையைக் கடக்கும்போது நெட்டை பழக்கதோஷத்தில் லீடரின் மணிக்கட்டைப் பிடித்தாள், கடந்ததும் விட்டுவிட்டாள். அந்த அம்மா துணி தேய்க்கிற கடை ஒன்றைத் தாண்டும்போது நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் தான் பார்த்த வேலை அதுதான் என்றார். கேட்டுப் பார்க்கவா என்றாள் மகள். "மொதல்ல இடம்" என்றார்.

குறுகலான படி. மேலே ஒரே அறை, ஒரு ஜன்னல், மூலையில் ஒரு குழாய். சுவரில் யாரோ மாட்டிக் கழற்றிய கடிகாரத்தின் வட்டம் மட்டும் வெளுப்பாக இருந்தது. அவர் குழாயைத் திறந்து மூடினார். தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு திரும்பி, "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றார்.

மூவரும் வெளியே வந்தார்கள். கதவு சாத்தப்பட்டது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நெட்டை கதவைத் தட்டக் கையை ஓங்கி, தட்டாமல் இறக்கிக்கொண்டாள். மூவரும் இடித்துக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்தார்கள். கீழே கடைக்காரர் டயர் இல்லாத சக்கரம் ஒன்றைச் சுழலவிட்டுக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, புடிச்சிருக்காமா?" என்று தலையைத் தூக்கிக் கேட்டார். உள்ளே காலடிகள் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு மெதுவாகப் போயின, திரும்பி வந்தன, மறுபடியும் போயின.