கழிப்பறைக்கு என் அப்பாவின் பெயர்

என் தம்பி மகன் ஹரிஷ்குமாருக்கு நெதர்லாந்தில் வேலை. அங்கே குளிர் முற்றியதும் இந்தியக் கிராமங்களின் மேல் இரக்கம் பொங்கிவிடும். கூட வேலை பார்க்கும் வெள்ளைக்காரர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு பெங்களூரில் வந்து இறங்குவான். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன். ஹொசகோட்டேயைத் தாண்டி ஒரு கிராமத்தில் தொண்டு. கூலிக்கு வந்த மேஸ்திரி எழுப்பிய சுவரில் இவர்கள் ஒரு வாரம் உட்கார்ந்து சூரியகாந்திப் பூ வரைவார்கள். ஒரு செங்கல்லை மூன்று பேர் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள்.

அவன் காசு, அவன் விடுமுறை. நான் வாய் திறந்ததில்லை.

இந்த ஜனவரியில் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டான். புதிதாகக் கட்டிய பொதுக் கழிப்பறை. வாசலுக்கு மேலே கருங்கல் பலகை. அதில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பொன்னெழுத்து: ‘பெருமாள்சாமி நினைவாக.’

பெருமாள்சாமி என் அப்பா. நாங்கள் குடியிருந்த பெங்களூர் தொம்மலூரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘ரைட்டர் ஐயா’தான். என் அம்மா கடைசிவரை அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால் என் முதுகில் தட்டுவாள், நான் சொல்வேன். அந்தப் பெயரின் கீழே எங்கள் சொந்தக்காரர்கள் கைதட்டும் பொம்மைகளை வரிசையாக அனுப்பியிருந்தார்கள்.

அன்றே கார் வைத்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போனேன். பஞ்சாயத்து உறுப்பினர் கோவிந்தப்பா வரவேற்றார். எல்லையோரத்து ஆள், நன்றாகவே தமிழ் பேசினார்.

“உங்க அப்பா பேர் ஊரெல்லாம் பரவிடுச்சு சார். ‘மாடு எங்கே?’ன்னா, ‘பெருமாள்சாமிக்குப் பின்னாடி கட்டியிருக்கு’ங்கறாங்க.”

கழிப்பறைக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். பூட்டியிருந்தது.

“தண்ணி இல்லையே சார். டேங்க் இருக்கு, பைப் வரல.”

ஹரிஷ் பெயிண்ட் கையோடு ஓடி வந்தான். “பெரியப்பா! வருவீங்கன்னு சொல்லவே இல்லையே!”

“கல்லை எடு.”

“ஏன் பெரியப்பா? தாத்தாவுக்கு மரியாதைதானே? சானிடேஷன்தான் டிக்னிட்டி.”

“தண்ணி எங்கடா?”

“அது ஃபேஸ் டூ. அடுத்த வருஷம்.”

பக்கத்தில் நின்ற ஹெர்பர்ட் என்ற வெள்ளைக்காரன், பெரியவர் என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டான். நான் ஆசீர்வாதம் செய்வதாக ஹரிஷ் மொழிபெயர்த்தான். நாற்பது வருடம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிப் பிழைத்தவன் நான். ஆசீர்வாதம் எதுவும் செய்யவில்லை என்று ஹெர்பர்ட்டுக்கு நல்ல ஆங்கிலத்திலேயே தெரிவித்தேன். அவன் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு சூரியகாந்திப் பக்கம் போய்விட்டான்.

“நாளைக்குத் திறப்பு விழா பெரியப்பா. பேரே இல்லாம எப்படி?”

“உன் பேரைப் போட்டுக்கோ.”

அவன் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“என் பேரா? அது... நல்லா இருக்காது.”

“ஏன்? டிக்னிட்டி.”

“ஸ்னேஹா வீட்ல சிரிப்பாங்க பெரியப்பா.” ஸ்னேஹா அவன் மனைவி.

“அப்ப உன் மாமனார் பேரைப் போடு. பெரிய மனுஷன்.”

“ஐயோ! என்ன பெரியப்பா நீங்க, அவர் என்ன நினைப்பார்?”

உயிரோடு இருக்கும் மாமனார் என்ன நினைப்பார் என்று அவனுக்குக் கவலை இருந்தது. செத்துப்போன தாத்தா எதுவும் நினைக்க மாட்டார் அல்லவா? அவனுடைய தொண்டு எவ்வளவு ஆழம் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

கோவிந்தப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. நான் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். ஹரிஷ் தடுக்கவில்லை. உளியின் ஒவ்வொரு அடிக்கும் அவன்தான் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு மூலைகூட உடையாமல் கல் வந்தது. துண்டை விரித்துக் காரின் பின்சீட்டில் வைக்கச் சொன்னேன்.

“விழாவுக்காவது இருங்க பெரியப்பா. குடும்பத்துல பெரியவர் நீங்கதானே?”

“தண்ணி வர்ற அன்னிக்குச் சொல்லி அனுப்பு. வர்றேன்.”

அவன் நெதர்லாந்துக்குத் திரும்பிப் போய் மாதங்கள் ஆகின்றன. இன்னும் சொல்லி அனுப்பவில்லை.