இடுப்பளவு என்று எழுதினேன்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது. அதைக் கதைக்காகக்கூடச் சொல்லவில்லை; மாநகராட்சிக்குப் போட்ட மனுவில் சொன்னேன்.

என் பெயர் கார்குழலி. திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. முகத்துவாரக்குப்பத்தில் குப்பம்மா வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். மீன் கூடை சுமந்தே முழங்கால் தேய்ந்துபோனவர் குப்பம்மா. யாராவது கை கொடுத்தால்தான் நாற்காலியை விட்டு எழுவார். பக்கத்து வீடு அவருடைய தம்பி திருமலையுடையது.

முதல் வரியை இப்படித்தான் ஆரம்பித்தேன்:

திருமலை ஒரு சுயநலக்கா—

(அடித்துவிட்டேன். எண்ணெய் கலந்த வெள்ளம் வந்த அன்று அக்காவைத் தோளில் தூக்கிவந்து என் கட்டிலில் உட்காரவைத்தவன் அவன்தான். அவன் சட்டைக் கறை என் மாடிப்படிச் சுவரில் இன்னும் இருக்கிறது. இவனைக் கெட்டவனாக்க எனக்குக் கை வரவில்லை.)

2

அந்த வெள்ளம் வடிந்தபோது இரண்டு வீட்டுச் சுவர்களிலும் முழங்கால் உயரத்தில் ஒரு கறுப்புக் கோடு நின்றது. சோப்பு, மண்ணெண்ணெய், சுண்ணாம்பு எதற்கும் அது மசியவில்லை.

இரண்டு வீட்டுக்கும் பின்னால் பத்தடி அகலத்தில் நீளமாக ஒரு நிலம். பட்டா திருமலை பேரில். ஆனால் தெருத் தண்ணீர் அதன் வழியாகத்தான் கழிமுகத்துக்கு இறங்க வேண்டும்; அதற்கான உரிமை மாநகராட்சிக்கு உண்டு, யாரும் மேடாக்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. இனித் தன் வீட்டுக்குள் தண்ணீர் வரக்கூடாதென்று திருமலை அங்கே லாரி லாரியாக மண் கொட்டினான். மட்டம் பார்க்க மணி மேஸ்திரி தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயைக்கூட எடுக்கவில்லை. சுவரிலிருந்த கோட்டைக் காட்டினார்.

“தண்ணி தானா நின்ன லெவலு மாமு. இத்த வுட இன்னா மட்டம் வோணும்?”

முழங்கால் வெள்ளத்துக்கு முழங்கால் மண். பார்த்தால் சரியாகத்தான் தோன்றும். அந்த இடத்தில் முன்பு நின்ற தண்ணீர் இனி எங்கே போய் நிற்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை, மாடியிலிருந்து வேடிக்கை பார்த்த நானும்தான். அடுத்து வந்த ஒரு மணி நேர மழைக்கே அது குப்பம்மா வீட்டுக்குள் வந்து, பழைய கோட்டைத் தொட்டு நின்றது.

3

“தம்பி மேல மனு குடுக்கறது அசிங்கமாக் கீது டீச்சர். ஆனா நான் ஒக்காந்த எடத்துலயே பூடுவேன் போலக் கீதே” என்றார் குப்பம்மா. நான் எழுத, அவர் கையெழுத்துப் போட்டார்.

முழங்கால் என்று எழுதினால் மனு மேசையிலேயே கிடக்குமோ என்று பயந்தேன். ‘இடுப்பளவு’ என்று எழுதினேன். (வாக்கியமும் நன்றாக அமைந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

மூன்றாம் நாள் காலை குப்பம்மா வீட்டுச் சுவரில் கோடு இடுப்பளவில் இருந்தது. சித்திரை வெயில், ஒரு சொட்டு மழை இல்லை. தொட்டேன். விரலில் ஈரமாக ஒட்டியது. எண்ணெய் நாற்றம். முழங்காலில் இருந்த பழைய கோட்டைக் காணோம்.

4

உதவிப் பொறியாளர் ஜெரால்ட் வந்தார், டேப் வைத்து அளந்தார், கோட்டைப் படம் எடுத்தார். பதினைந்து நாளில் மண்ணை வெட்டிப் பழைய சரிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று திருமலைக்கு நோட்டீஸ் போயிற்று. அன்றே அவன் மாடி ஏறி வந்தான்.

“இன்னா டீச்சர், இடுப்புன்னு எய்திகீறே? முட்டிக்குத்தானே நின்னுச்சு. எனக்குத் தெரியாதா?”

“கோடு அங்கதான இருக்கு?”

“அது எப்டி ஏறுச்சுன்னு ஒனக்குத் தெரியும்.” அவன் பார்வை மேசைமேல் கிடந்த என் பேனாவில் இருந்தது. “நெசத்த எய்திக் குடு, நாளைக்கே நானே வெட்டிப் போட்றேன். பொய்க்கு பயந்துகினு ஒரு கூட மண்ணு எடுக்க மாட்டேன்.”

நிஜத்தை எழுதிக் கொடுத்தால் மனு செல்லாமல் போகலாம். அவனும் வாக்கு மாறலாம். அடுத்த மழை குப்பம்மாவைக் கேட்டுக்கொண்டா வரும்?

5

பதில் சொல்லாமல் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். கோழைத்தனம்தான்.

முடிவு ஒன்று: விடிகிற நேரம் மழை பிடித்தது. தண்ணீர் மார்பளவு ஏறியபோது குப்பம்மா நாற்காலியின் கைப்பிடியை—

(உருக்கமாக வந்தது. அடிக்காமல் வைத்திருந்தேன்.)

மறுநாள் காலை கீழேயிருந்து குரல் வந்தது. “டீச்சர், எய்திகினு கீறியா? வாணாம்மா, நிறுத்து.”

ஓடினேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி குப்பம்மா சுவரைக் காட்டினார். கோடு மார்பளவு ஏறியிருந்தது. நிற்பவருக்குத்தான் அது மார்பு.

“நான் ஒக்காந்தா இது என் மூக்குக்கு மேல கீது, பாரு.”

அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். கோடு இறங்கவில்லை.

முடிவு இரண்டு: அக்காவும் தம்பியும் சமாதானமாகி, மாநகராட்சியே வந்து—

(எனக்கே நம்பிக்கை வரவில்லை. நம்பாமல் எழுதினால் கோடு அசையாது என்பதையும் அப்போது தெரிந்துகொண்டேன்.)

6

பயந்துபோனேன். வேறொரு தாளில், ‘தண்ணீர் முழங்கால் அளவே வந்தது. இடுப்பளவு என்பது நான் எழுதிய பொய்’ என்று எழுதி, கையெழுத்திட்டுத் திருமலையிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மண்வெட்டியை எடுத்தான்.

நான்கு நாளாக வெட்டுகிறான். சரிவு கழிமுகத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டது. நாளை கனமழை என்கிறார்கள்.

இன்று காலை கோட்டைப் பார்க்கத் துணிந்து கிளம்பினேன். மேலிருந்து மூன்றாவது படியில் கால் வைத்தேன். படி ஈரமாக இருந்தது. எண்ணெய் நாற்றம். திருமலையின் சட்டைக் கறை இருந்த இடத்தில் சுவர் வெள்ளையாக இருந்தது. முன்பு முழங்கால் கோடு நகர்ந்ததுபோல அதுவும் நகர்ந்திருந்தது; ஏறியதா இறங்கியதா தெரியவில்லை.

கீழே மண்வெட்டிச் சத்தம். குப்பம்மா என் காலடியைக் கேட்டிருக்க வேண்டும்.

“டீச்சர், வந்து பாரேன், கோடு இப்போ—”

அவர் சொல்லி முடிப்பதற்குள் மேலே ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

இனி நான் எழுதமாட்டேன். முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று: அந்தக் கோட்டுக்கு எந்த உயரத்தையும் மனதில் நினைத்துவிடாதீர்கள். குப்பம்மா கீழே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.