ஐந்து பிடிப் பஞ்சு

மெத்தைக் கடைக்காரருக்குத் தன் தலையணைகளைப் பற்றிக் கொஞ்சம் பெருமை உண்டு. இலவம்பஞ்சைத் திணித்து, கழியால் மூலை மூலையாக இடித்து, முழங்காலை ஊன்றி அழுத்திப் பார்ப்பார். குழி விழுந்தால் இன்னும் இரண்டு பிடி. "பத்து வருஷத்துக்கு அமுங்காதும்மா" என்று சொல்லித்தான் கொடுப்பார்.

அந்தப் பெண்ணுக்கும் அப்படியே கொடுத்தார். மறுநாள் காலையில் அவள் தலையணையோடு திரும்பி வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. கல்லு மாதிரி இருக்கு. அவரால தலை வைக்க முடியல."

"புதுசுல அப்படித்தாம்மா. ஆறு மாசம் போனா பதமாயிடும்."

அவள் தையலைத் தடவிக்கொண்டு நின்றாள். "அவருக்கு ஆறு மாசம் இல்லண்ணே. டாக்டர் கையை விரிச்சுட்டாரு. மருந்துல முடியெல்லாம் கொட்டி, தலைத்தோல் புண்ணாக் கெடக்கு. தூங்கி மூணு நாளாச்சு. என் கையிலதான் தாங்கிட்டு இருக்கேன்."

கடைக்காரர் தையலைப் பிரித்தார். பஞ்சுக்குள் கைவிட்டவர் அப்படியே நின்றுவிட்டார். எவ்வளவு எடுப்பது? அது அந்தத் தலைக்கல்லவா தெரியும்? தலையணையையும் ஒரு வெறும் பையையும் எடுத்துக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டு அவளோடு நடந்தார்.

கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"வாங்க. செங்கல் எத்தனை வச்சுத் தைச்சீங்க?"

"தப்புதான் தம்பி. இப்ப எடுத்துடறேன்."

ஒரு பிடி எடுத்துப் பையில் போட்டார். மனைவி கணவனின் தலையைத் தூக்கி வைத்தாள்.

"இன்னும்."

இன்னொரு பிடி.

"காது வலிக்குது."

நான்காவது பிடிக்கு, "பரவால்ல. ஆனா அவ கை மாதிரி வருமா?" என்றார். ஐந்தாவது பிடிக்குக் கண் மூடிக்கொண்டது. மூச்சு மட்டும் சீராக வந்தது. அவர் தலைக்கடியில் இருந்த தன் கையை அவள் விரல் விரலாக உருவிக்கொண்டாள்.

சுவரோரம் உட்கார்ந்தவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவளுக்கும் கண் சொருகிவிட்டது. தலை சரிந்து சரிந்து சுவரில் இடித்தது.

கடைக்காரர் பஞ்சுப் பையை மெல்ல அவள் தலைக்கும் சுவருக்கும் நடுவே வைத்தார். பிறகு வாசலில் போய் உட்கார்ந்தார். இந்த வீட்டுக்கு வரப்போவதைத் தடுக்க அவரால் ஆகாது. யாரும் வந்து கதவைத் தட்டாமல் இந்த ஒரு பகலாவது கழியட்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொண்டார்.