கடைசியிலிருந்து மூன்றாவது கம்பம்

இருபத்தைந்தாவது வயதில், மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அனோஜினி ஏழு நிமிடம் கனடாவின் ஸ்லாலம் சம்பியனாக இருந்தாள்.

ஸ்லாலம் என்பது பனிமலைச் சரிவில் நட்ட கம்பங்களை வலமும் இடமுமாக மாறி மாறிச் சுற்றிக்கொண்டு, ஸ்கீயில் இறங்கும் பந்தயம். இரண்டு தடவை இறங்க வேண்டும். இரண்டு நேரத்தையும் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவருக்கே வெற்றி. எட்டு வயதில் பள்ளிக்கூடத்தோடு மலைக்குப் போய்வந்த அன்று, பியர்பொன்ட்ஸ் நகரில் இருந்த தங்கள் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றுமுன்பே, "அம்மா, நான் ஒருக்காலும் விழேல்லை" என்றாள். தாய் திரேசம்மா நம்பவில்லை. அடுத்த சனிக்கிழமை கூடப் போய்ப் பார்த்த பிறகுதான் நம்பினாள்.

அப்பா அருமைநாதன் துறைமுகத்திலிருந்து கொள்கலன் லொறி ஓட்டுபவர். வாரம் முழுக்க ஓட்டிவிட்டு, சனிக்கிழமை விடிய மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடித்து மகளை மலைக்குக் கொண்டுபோவார். மன்னாரில் பிறந்த அவர் ஒருநாளும் ஸ்கீயில் ஏறியதில்லை. ஆனால் ஸ்கீயின் இரும்பு விளிம்பை அரத்தால் தீட்டுவதில் அவரை மிஞ்ச மகள் சேர்ந்திருந்த ஸ்கீக் கழகத்தில் ஆளில்லை.

பதினாறு வயதில் மாகாணச் சம்பியன். பத்தொன்பதில் தேசிய அணி. இருபத்திரண்டில் வலது முழங்காலின் நார் அறுந்தது. இரண்டு குளிர்காலம் வீணாய்ப் போனது. அணியும் அவளை நீக்கிவிட்டது. அனோஜினி அதற்காக யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. காலைத் தேற்றிக்கொண்டு திரும்பி வந்தாள்.

அந்த ஞாயிறு வென்றால் மறுபடியும் அணியில் இடம். முதல் இறக்கத்தில் மூன்றாவதாக வந்தாள். இரண்டாவது இறக்கத்துக்கு நின்றபோது பனி கண்ணை மறைத்துக் கொட்டியது. "கவனமாகப் போ" என்று பயிற்சியாளர் ஜெனவியேவ் பிரெஞ்சில் சொன்னாள். அனோஜினி கவனமாகப் போகவில்லை, வேகமாகப் போனாள். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக அவள் ஓடியதில்லை.

கடைசியிலிருந்து மூன்றாவது கம்பத்தில் இடது ஸ்கீயின் நுனி தவறான பக்கத்தால் போனது. இரண்டு காலும் ஒரே பக்கத்தால் சுற்ற வேண்டும் என்பது விதி; தவறினால் அந்த ஓட்டம் செல்லாது. மடிந்த கம்பம் கால்களுக்கு நடுவே உரசியதை அவள் உணர்ந்தாள். அதற்குள் உடம்பு முடிவுக் கோட்டைத் தாண்டிவிட்டது. நேரம் காட்டும் பலகையில் அவள் பெயர் முதலாவதாக ஏறியது. முதல் இறக்கத்தில் முன்னணியில் நின்று, இப்போது அவளுக்குப் பின்னால் இறங்கிய இருவரும் அவளை முந்தவில்லை. ஜெனவியேவ் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள்.

அனோஜினி ஸ்கீயைக் கழற்றிக்கொண்டு வேலியோரம் நின்ற அப்பாவிடம் போனாள்.

"அப்பா, கீழ ஒரு கம்பத்திலை பிழை விட்டிட்டன். இடது ஸ்கீ மற்றப் பக்கத்தாலை போட்டுது."

அருமைநாதன் முகத்தில் விழுந்த பனியைத் துடைத்தார். "ஆரும் கண்டவையே?"

"இல்லை. இந்தப் பனிக்கை வீடியோவிலையும் தெரியாது."

"அப்ப என்ன?"

"நான் கண்டனான் அப்பா."

அவர் பலகையைப் பார்த்தார். "அந்தக் காலோடை நீ பட்ட பாடு எனக்குத் தெரியும் பிள்ளை. இன்னொருக்கா யோசி."

"யோசிச்சிட்டன். இண்டைக்கு நான் எவ்வளவு கெதியா ஓடினனான் எண்டு பாத்தனீங்கள்தானே? அடுத்த வருசம் இதைவிடக் கெதியா ஓடுவன்."

"எங்கை போய்ச் சொல்ல வேணும்?"

"அங்கை, நடுவர் இருக்கிற அந்தக் கபினிலை."

"வா." அவர் அவளுடைய ஸ்கீயை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

நடுவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அனோஜினி ஒரே பதிலைச் சொன்னாள். பெயர் பலகையிலிருந்து இறங்கியது. கார் புறப்படும்போது ஜெனவியேவ் கண்ணாடியில் தட்டி, "செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குப் பயிற்சி. பிந்தாதே" என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் லவால் நகரம் வரும்வரை அனோஜினி அழுதாள். பிறகு மூக்கைச் சீறிவிட்டுத் தாயின் அழைப்பை எடுத்தாள். திரேசம்மா வில்லரேயில் உள்ள மாதா கோவிலில், தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் எல்லோரோடும் கைபேசியில் போட்டியைப் பார்த்திருந்தாள்.

"கேக் வெட்டியாச்சு பிள்ளை. பாதி முடிஞ்சுது. இப்ப நான் சனத்துக்கு என்னத்தைச் சொல்ல?"

"அடுத்த வருசத்து வெற்றிக்கு எண்டு சொல்லுங்கோ."

மறுமுனையில் திரேசம்மா சிரிக்கத் தொடங்கினாள். "சரி, மிச்சத்தையும் வெட்டுறன்."

அடுத்த குளிர்காலம் முழுவதும் அணியில் இடமில்லாமல் கழகத்துக்காகவே ஓடினாள். மார்ச்சில் அதே மலையில், தெளிந்த வெயிலில், ஒரு செக்கனுக்கும் மேலான வித்தியாசத்தில் வென்றாள். ஸ்லாலத்தில் அது பெரிய இடைவெளி. நிருபர் ஒருவர் முந்தின வருடத்துக் கதையைக் கேட்டார்.

"அது முடிஞ்ச கதை" என்றாள் பிரெஞ்சில். "இன்றைக்கு நான் இரண்டாவது தடவை இறங்கியதைப் பார்த்தீர்களா? அதைப் பற்றிக் கேளுங்கள்."

அதன்பின் அணிக்குத் திரும்பி, ஐந்து வருடங்களில் நான்கு தேசியப் பட்டங்கள் வென்றாள். உலகக் கிண்ணப் போட்டிகளில் மூன்று தடவை முதல் மூவரில் ஒருத்தியாக மேடையேறினாள். அதில் ஒருமுறை முதலிடத்துக்கான நடுப்படியில். முப்பத்தொரு வயதில் இப்போதும் ஓடுகிறாள். எப்போது நிறுத்துவாய் என்று கோவிலில் யாராவது கேட்டால், "என்னை முந்திறவையிட்டைக் கேளுங்கோ" என்கிறாள்.