கரிக்குருசு போட்ட முட்டைகள்

...அடைமுட்டை, ஐயோ அது அடைமுட்டை என்று எழுந்து கத்த வேண்டியதுதானே, வாயில் என்ன கொழுக்கட்டையா, என்று சுனிதா தன்னையே திட்டிக்கொண்டாள். கோயில் முற்றத்தில் அறுப்பின் பண்டிகை ஏலம், வாழைக்குலை போயாயிற்று, மரச்சீனிக் கிழங்கு போயாயிற்று, இப்போது மேசை மேல் ஓலைப்பெட்டியில் அவளுடைய முட்டைகள்... அவளுடையவைதான், ஒவ்வொன்றிலும் அடுப்புக்கரியால் சிலுவைபோல் அவள் போட்ட குருசு இங்கிருந்தே தெரிகிறது, அடைவைத்த முட்டையோடு வேறு முட்டை கலந்துவிடக் கூடாதென்று அடையாளத்துக்குப் போட்டது. அதைத் தூக்கிக் காட்டி ஏலம் விடுகிறவர் யார், கமிட்டிக்காரர், அவளைக் கட்டிய ஜான்ரோஸ்! "நல்ல நாட்டுமுட்டயாக்கும், நம்ம வீட்டுது" என்று என்ன ஒரு பல்லிளிப்பு. நம்ம வீட்டுதாம். கழிச்சல் நோய் வந்து கோழியெல்லாம் சுருண்டு விழுந்தபோது புதைக்க ஒரு குழி வெட்டித் தந்தாரா இந்த மனுஷன்? மிஞ்சியது ஒரு கருப்புப் பெட்டையும் ஒரு சேவலும், அந்தச் சேவலையும் இவருடைய மச்சான் வந்தாரென்று அறுத்துக் குழம்பு வைத்தாயிற்று, இனி அதன் வித்து என்றால் இந்த முட்டைகளுக்குள் இருப்பதுதான்... நேற்று டார்ச் அடித்துப் பார்த்தாளே, சிவப்பாக நரம்பு ஓடி நடுவில் கடுகுபோல் ஒன்று துடித்ததே, அதையா ஆம்லேட்டுக்கு என்று சிரித்துக்கொண்டு கேட்கிறான் லிஜோ, கல்ஃபிலிருந்து லீவில் வந்த திமிர். அவன் கேட்டதற்கு மேல் அவள் கேட்டாள், அவன் ஏற்ற ஏற்ற அவளும் ஏற்றினாள். "சொந்த முட்டைய சொந்த மாப்பிளகிட்ட ஏலம் எடுக்கா பாரு" என்று பெண்கள் பக்கம் சிரிப்பு. சிரிக்கட்டும், பல் கொட்டட்டும். கடைசியில் லிஜோ கையை விரித்துவிட்டான். பெட்டியைத் தரும்போது ஜான்ரோஸ் குனிந்து, "ஏட்டி, நீதான குருசு போட்டு வச்சிருந்த? கோயிலுக்குன்னுல்லா நெனச்சேன்" என்றார். அவள் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள்.

வெயிலில் முந்தானையால் பெட்டியை மூடி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு... ஆறிப் போயிருக்குமோ, இன்னும் உயிர் இருக்குமோ, தொட்டுப் பார்க்கவே பயமாக இருக்கிறது. கோயிலுக்குன்னு நெனச்சாராம். ஆனால்... பண்டிகைக்கென்று ஒதுக்குகிற முதல் பலாக்காய்க்கும் தேங்காய்க்கும் இதே கரியால் குருசு போடுகிறவள் யார், அவள்தானே? கோழிக்கூட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆளுக்கு அடைமுட்டைக் குருசு எது, ஆண்டவருக்கான குருசு எது என்று எப்படித் தெரியும்? ஒரு பொட்டு வைத்திருக்கலாம், ஒரு கோடு இழுத்திருக்கலாம், மடச்சி, குருசுதான் போடணுமா... கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, இறங்குகிறதே என்று அதற்கும் ஓர் எரிச்சல் வந்தது. பாவம், இத்தனை பேர் முன்னால் கையிலிருந்து பிடுங்கியிருக்க வேண்டாம்.

வீட்டுக்குப் பின்னால், இருட்டுக் கூட்டுக்குள் கருப்பி அசையாமல் அடைகிடந்தது. வெறுங்கூட்டில் எதற்கடி கிடக்கிறாய் என்று வயிற்றுக்கடியில் கையை நுழைத்தாள், கொத்து வாங்கினாள், கையில் முட்டை தட்டுப்பட்டது. எடுத்தால் கடையில் வாங்குகிற முட்டை. பெரிசாக, வெள்ளைவெளேரென்று, எத்தனை நாள் அடைகிடந்தாலும் பொரிக்காத கடை முட்டை. காலையில் அவள் குளிக்கப் போன நேரத்தில் மாற்றியிருக்கிறார், சரி, வெறுங்கூட்டைப் பார்த்துக் கோழி எழுந்துவிடக் கூடாதென்று வைத்திருப்பார்... என்று வெளிச்சத்தில் திருப்பினாள். கரிக்குருசு. இன்னொன்றை எடுத்தாள், அதிலும். எல்லாவற்றிலும். அவள் போடுகிற அவசரக் கோடில்லை, நீட்டமாக, திருத்தமாக, இங்கே குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் போட்டது. பெருவிரலில் கரி ஒட்டியது. தன் முட்டைகளை உள்ளே தள்ளினாள், கருப்பி அலகால் அவற்றை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது. முன்வாசலில் பைக் வந்து நின்றது, "ஏட்டி சுனிதா, கோவமா?" என்று சிரிப்போடு குரல் வந்தது. அவள் வெள்ளை முட்டையை இறுக்கிப் பிடித்தபடி கூட்டின் முன்னாலேயே நின்றாள். கோழிக்குக் குருசு தெரியாதே... அப்படியென்றால் இதை யாருக்காக உட்கார்ந்து போட்டார்?