மரைக்காயர் வீட்டு ஐந்தாவது கட்டு

விடிந்ததிலிருந்து கனீஸ் பாத்திமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினோரு மணிக்கு ஆவணக் காப்பகத்து வண்டி வந்துவிடும். முல்லா வீதி மரைக்காயர் வீட்டில் ஐந்து தலைமுறையாகச் சேர்ந்த காகிதமெல்லாம் அதில் ஏறிவிடும். ஏறிவிட்டால் பூச்சி மருந்து, படம் எடுப்பு என்று ஒரு வருஷத்துக்கு யாரும் தொட முடியாது. தெய்வசிகாமணிக்கோ நாளைக்குத்தான் கோர்ட்டில் கடைசி வாய்தா.

சங்கதி இதுதான். சேதராப்பட்டில் தெய்வசிகாமணி உழுது சாப்பிடுகிற இரண்டு காணி நிலம், பத்திரத்தில் கனீஸின் பாட்டனார் ஹாதி மரைக்காயர் பேரில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் தெய்வசிகாமணியின் தாத்தா கண்ணையன் சைகோனுக்குக் கப்பல் ஏறினார். தான் இல்லாத நேரத்தில் பங்காளிகள் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்து, நிலத்தை மரைக்காயர் பேருக்கு மாற்றிவிட்டுப் போனார். மரைக்காயரும் சும்மா இருக்கவில்லை. ‘நிலம் கண்ணையனுடையது, எனக்கோ என் வாரிசுகளுக்கோ பாத்தியதை இல்லை’ என்று பிரெஞ்சில் ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கண்ணையன் திரும்பி வந்து உழுதார், மகன் உழுதார், இப்போது பேரன் உழுகிறார். பேரை மாற்ற ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அந்தச் சீட்டும் மரைக்காயர் வீட்டு இரும்புப் பெட்டியிலேயே இருந்துவிட்டது. கூரை வீட்டில் வைத்தால் நெருப்பு தின்னும், இல்லையென்றால் கரையான் தின்னும் என்று அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் தங்கள் காகிதத்தை அங்கேதான் ஒப்படைத்தார்கள். அமானிதம் என்று அதற்குப் பேர்.

இப்போது பக்கத்தில் தொழிற்பேட்டை வந்து அந்த மண்ணுக்கு மவுசு ஏறிவிட்டது. கனீஸின் அண்ணன் கமருஸ்ஸமான், ‘பத்திரம் எங்க பேர்ல இருக்கு, காலி பண்ணு’ என்று கேஸ் போட்டுவிட்டார். சீட்டா, அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று வாய் கூசாமல் சொல்கிறார். பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற கனீஸ்தான், வாப்பா ஷஃபீக் மரைக்காயர் படுக்கையில் கிடந்தபோது அதை வாய்விட்டுப் படித்துக் காட்டியவள். அதைச் சொன்னால், “உனக்கு வயசாயிடுச்சு கனீசு, எதையோ எதோட போட்டுக் கொழப்பிக்கிற” என்கிறார். இருபத்தஞ்சு வருஷம் பிள்ளைகளுக்கு இலக்கணம் உருப்போட வைத்தவளுக்கா ஞாபகப் பிசகு? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கையில் காகிதம் இல்லாதவள் பேச்சை யார் கேட்பார்கள்?

இரும்புப் பெட்டியில் இப்போது அந்தச் சீட்டு இல்லை. ஒரு வாரமாக மாடியில் உட்கார்ந்து பழைய கட்டுகள் நாலையும் பிரித்துப் பார்த்துவிட்டாள். இந்த வீட்டில் குடும்பத் தலைவர் மவுத்தானால், நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த கையோடு அவர் காகிதங்களைப் பச்சைத் துணியில் கட்டி, பேர் எழுதி, பீரோவில் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் அந்தக் கட்டை யாரும் பிரிக்கக் கூடாது. கமருஸ்ஸமான் தொழுகையைத் தவற விட்டாலும் இந்த வழக்கத்தைத் தவற விடமாட்டார். பக்கத்தை எண்ணாமல் எடுக்கமாட்டோம் என்று காப்பகத்துப் பெண் சிந்துஜா சொன்னபோதுகூட, “பழைய நாலையும் பிரிச்சு எண்ணிக்குங்க. எங்க வாப்பா கட்டு மட்டும் கட்டுனபடியே போகட்டும்” என்று ஒரே பிடியாக நின்றார்.

நாலு கட்டிலும் கப்பல் ரசீது இருந்தது, கவர்னருக்குக் கொடுத்த மனு இருந்தது, நிக்காஹ் ஒப்பந்தம் இருந்தது. சீட்டு மட்டும் இல்லை. ஹாதி மரைக்காயர் கட்டை மூன்றாம் தடவை உதறும்போதுதான் கனீஸுக்கு உறைத்தது. அட பைத்தியக்காரி! அமானிதம் என்ன செத்தவரின் சொத்தா, அவர் கட்டில் போய் ஏறுவதற்கு? அது உயிரோடு இருக்கிற வாரிசின் கைக்கல்லவா போகும்? பாட்டனாரிடமிருந்து வாப்பாவுக்கு. வாப்பாவிடமிருந்து?

கை மாறியிருந்தால் எழுத்து இருக்கும். எழுதி வாங்காமல் ஒரு துரும்பைக்கூடக் கை மாற்றக் கூடாது என்பது இந்த வீட்டில் வாப்பா வகுத்த வழக்கம். “பிஸ்மில்லாஹ்” என்று சொல்லி ஐந்தாவது கட்டின் முடிச்சை அவிழ்த்தாள். நாம் செய்வது சரியா தப்பா என்று அந்த நிமிஷம்கூட அவளுக்குத் தெரியவில்லை.

அதில் நாலாவது உறைக்குள் ஒரு தாள் இருந்தது. அரபெழுத்தில் எழுதிய தமிழ், வாப்பாவின் கை. ‘என்னிடம் உள்ள அமானிதங்கள்’ என்று தலைப்புப் போட்டு ஒன்பது வரி. எட்டு வரி, உரியவர் வந்து வாங்கிப் போனதற்கு அடையாளமாக அடிக்கப்பட்டிருந்தது. ஒன்பதாவது வரி அடிபடவில்லை. அதற்குக் கீழே வேறு பேனா, வேறு கை. தேதி, வாப்பாவின் நாற்பதாம் நாள்.

“பிரிச்சிட்டியா?”

வாசற்படியில் கமருஸ்ஸமான் நின்றார். வெறும் கோபமென்றால் அவள் சமாளித்திருப்பாள். அண்ணன் முகத்தில் பயம் இருந்தது.

“காக்கா, இது உங்க கையெழுத்துதானே?” இவர்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவர் பார்த்தார். போட்டதையே மறந்திருந்தார் போல. முகம் சுண்டிப் போயிற்று. இத்தனை வருஷம் பீரோவும் சாவியும் அவர் கையில்தான் இருந்தன. ஒரு தடவை பிரித்திருந்தால் போதும், இந்தத் தாளையும் இல்லாமல் ஆக்கியிருக்கலாம். வாப்பா கட்டாயிற்றே என்று அவர் தொடவேயில்லை.

“குடுத்துடு கனீசு.”

“சீட்டு எங்க?”

“அத விடு. இத ஊரு பார்த்துச்சுன்னா அஞ்சு தலைமுறை மானம் காத்துல போயிடும். காப்பகத்துல நம்ம குடும்பத்து பேர்ல தனி அறையே ஒதுக்கறாங்க. அதுக்காகவாவது குடு.”

“அந்த மனுஷன் மூணு தடவ வந்து நம்ம கேட்டுக்கு வெளிய நின்னுட்டுப் போனாரு காக்கா. இன்னைக்கும் வந்து நிக்கிறாரு.”

“நீ குடியிருக்கறது என் வீட்டு மாடில. அத ஞாபகம் வச்சுக்க.”

சொல்லிவிட்டார். மூன்றாம் மனுஷன் சொன்னால் தாங்கலாம். கூடப் பிறந்தவர் சொன்னால் எப்படித் தாங்குவது? கனீஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த வயசில் எங்கே போய் வீடு தேடுவது என்ற பயமும் கூடவே வந்தது. தெருவில் வண்டி ஹாரன் அடித்தது. சிந்துஜாவாகத்தான் இருக்கும். கனீஸ் தாளை முந்தானைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு, அண்ணனின் தோளை உரசியபடி படியிறங்கினாள். அவர் கையை நீட்டினார். ஆனால் பிடுங்கவில்லை.

கேட்டைத் திறந்து, “உள்ள வாங்க” என்றாள். தெய்வசிகாமணி செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்துக்கு வந்தார். துண்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“எதுனா கெடச்சுதாம்மா?”

“கெடச்சுது. சீட்டு இல்ல, சீட்டு இருந்ததுக்கு அத்தாட்சி.”

அவர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரபெழுத்து அவருக்கு எங்கே தெரியப்போகிறது? “நீங்களே படிச்சுச் சொல்லுங்கம்மா” என்று திருப்பிக் கொடுத்தார். பின்னால் படியில் காலடி கேட்டது. அண்ணன் இறங்கி வந்துவிட்டார். அவர் பிடுங்கிக் கிழித்தால் கிழித்ததுதான், இன்னொரு தாள் கிடையாது. கனீஸ் திரும்பிப் பார்க்காமல் உரக்கப் படித்தாள்.

“சேதராப்பட்டு கண்ணையன் வகையறா. எங்கள் வாப்பா எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்று. நிலம் அவர்களுடையது. கேட்டு வந்தால் நிற்க வைக்காமல் கொடுத்துவிடவும். மேற்படி அமானிதத்தைப் பெற்றுக்கொண்டவர்…”

அடுத்து இருந்த பேரைப் படிக்காமல் நிறுத்திக்கொண்டாள். எவ்வளவு கோபம் இருந்தாலும் அண்ணன் அல்லவா. தெருவில் மறுபடி ஹாரன் அடித்தது.

“கமருஸ்ஸமான்.”

சொன்னது அவரேதான். படியை விட்டு இறங்கி தெய்வசிகாமணிக்கு நேரே வந்து நின்றார்.

“நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்குனேன். போன நோம்புக்கு முன்னாடி நான்தான் கிழிச்சேன். நாளைக்குக் கோர்ட்டுக்கு வந்து அங்கயும் சொல்றேன்.”

தெய்வசிகாமணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார், அடிக்கக்கூடப் பாய்வார் என்று கனீஸ் பயந்தாள்.

“எதுக்குப் பாய் கிழிச்சீங்க?” என்றார் அவர். “எங்க தாத்தா நெலத்தக் காப்பாத்திக் குடுத்த வூடு இது. வாய்விட்டுக் கேட்டிருந்தா பாதிய நானே எழுதி வச்சிருப்பனே.”